அளவில்லா லீவு என்ற கதை

ஈப்போவில் இரண்டு தமிழர் சந்தித்தால் இப்போது இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. “என் மகன் கோலாலம்பூரில் சேர்ந்திருக்கும் கம்பெனியில் லீவுக்குக் கணக்கே கிடையாதாம். வருஷத்துக்கு எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுக்கலாம், சம்பளம் வந்துவிடும்.” கல்யாண வீட்டிலும் கேட்டுவிட்டேன், அன்னதான வரிசையிலும் கேட்டுவிட்டேன். தொழிற்சங்க வேலையிலேயே நரைத்தவன் சொல்கிறேன்: இந்தப் பேச்சை நிறுத்துங்கள்.

கணக்கு இல்லாவிட்டாலும் மேலாளர் சரி என்று சொன்னால்தான் லீவு. பன்னிரண்டு நாள் என்று கடிதத்தில் இருந்தால், “இன்னும் ஐந்து நாள் பாக்கி இருக்கிறது, கொடுங்கள்” என்று கேட்க வாய் வரும். எண்ணே இல்லாதபோது எதைக் காட்டிக் கேட்பது? பக்கத்து மேசைக்காரன் எடுக்கவில்லை, நாம் மட்டும் எப்படி என்று பிள்ளைகள் தயங்கி நிற்கிறார்கள். அமெரிக்காவின் கிக்ஸ்டார்ட்டர் நிறுவனம் இதைப் பார்த்துத்தான் 2015இல் அளவில்லா லீவைக் கைவிட்டு, ஆண்டுக்கு 25 நாள் என்று நிர்ணயித்தது.

காசையும் பாருங்கள். கணக்கில் சேர்ந்த லீவு நிறுவனத்தின் கடன். 2023இல் மைக்ரோசாஃப்ட் தன் அமெரிக்க ஊழியர்களுக்கு அளவில்லா லீவைக் கொண்டுவந்தபோது, பாக்கி நாள்களுக்கு ஒருமுறை பணம் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டது. அதன்பின் சேர்வதற்கு ஒன்றுமில்லை.

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு எண்ணின் அருமை தெரியும். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்க வேண்டும். கிராணி (தோட்டக் கணக்கர்) செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், பெயர் போட்டால்தான் அன்றைய கூலி. மழை பிடித்துக்கொண்டால் பால் மரம் வெட்ட முடியாது, கூலியும் கிடையாது. வேலையில்லாத நாளுக்கும் சம்பளம் உண்டு என்று எழுதி வாங்கியது அந்தத் தலைமுறைக்குச் சின்ன விஷயமா?

இன்றும் மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் அந்த எண்ணைச் சொல்கிறது: இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 8 நாள், ஐந்து ஆண்டு வரை 12, அதற்கு மேல் 16. கம்பெனி எந்தப் பெயர் வைத்தாலும் இதற்குக் கீழே போக முடியாது.

அளவில்லா லீவில் நன்மையே இல்லையா என்றால், உண்டு. முதல் வருஷத்தில் எட்டே நாள் உள்ள பிள்ளைக்கு, அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தால் பத்தாவது நாளும் கிடைப்பது பெரிய உதவி. ஆனால் அது மேலாளரின் மனசைப் பொறுத்தது.

லீவு பற்றி உலவும் மற்ற கதைகள்:

“எம்.சி.யும் (மருத்துவ லீவும்) ஆண்டு லீவிலேயே அடங்கும்.” அடங்காது. சேவைக்கு ஏற்ப 14, 18, 22 நாள் அது தனி. மருத்துவமனையில் தங்க 60 நாள் வரை வேறு.

“பெரிய சம்பளக்காரருக்கு இந்தச் சட்டம் இல்லை.” பழைய கதை. 2023 ஜனவரி 1 முதல் ஆண்டு விடுப்பு எல்லாச் சம்பளக்காரருக்கும் உண்டு.

“தைப்பூசம் பேராக்கில் பொது விடுமுறை, எல்லாருக்கும் லீவு.” இதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். தனியார் முதலாளி கொடுக்க வேண்டிய 11 பொது விடுமுறைகளில் ஐந்தைத்தான் சட்டம் பெயர் சொல்லிக் கட்டாயமாக்குகிறது. தைப்பூசம் அதில் இல்லை. மீதி ஆறும் முதலாளி தேர்ந்தெடுப்பது. ஈப்போ குனோங் சீரோ முருகன் கோயிலில் காவடி எடுக்க நம் பிள்ளை தன் ஆண்டு லீவில் ஒரு நாளைச் செலவழிக்க வேண்டிவரும்.

ஆகவே பெற்றோரே, பிள்ளை கையெழுத்துப் போடுமுன் நியமனக் கடிதத்தை வாங்கிப் படியுங்கள். குறைந்தது எத்தனை நாள் லீவு, தைப்பூசம் உண்டா, வேலையை விடும்போது எடுக்காத நாளுக்குக் காசு உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் தரும்படி கேட்கச் சொல்லுங்கள்.