புனேயைச் சுற்றி எந்தக் கோட்டை ஏறலாம்?

புனேக்கு வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் முதல் மழை விழுந்ததும் கேட்பது, "எந்தக் கோட்டைக்குப் போகலாம்?" என்பதுதான். யார் கூட வருகிறார்கள் என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் சிங்ககட். நகரிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். மேலே கோட்டைவரை வண்டி போகும். நடந்து ஏற விரும்பினால் ஸ்வர்கேட்டில் நகரப் பேருந்து பிடித்து அடிவாரத்தில் இறங்கலாம். 1670-இல் சிவாஜியின் தளபதி தானாஜி மாலுசரே உயிரைக் கொடுத்து மீட்ட கோட்டை. சூடான பாக்ரி ரொட்டி, கடலைமாவில் கிண்டிய பித்லா, மண்சட்டியில் உறைந்த தயிர் மூன்றையும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வார நாளில் போங்கள். ஞாயிறன்று மலைப்பாதை முழுக்க வண்டிகள்.

கார் இல்லாத நண்பர்கள் கூட்டத்துக்கு லோககட். லோனாவலா லோக்கலில் ஏறி மளவ்லியில் இறங்கினால், போகிற வழியிலேயே பாஜே குகைகள். இரண்டாயிரம் ஆண்டு பழைய பௌத்தக் குடைவரைகள். கோட்டைக்கு நல்ல படிக்கட்டு உண்டு.

காலில் வலு இருந்தால் ராஜ்கட்தான். என் ஓட்டு இதற்கே. ராய்கட்டுக்கு மாறும் முன் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக சிவாஜியின் தலைநகர். மாச்சி எனப்படும் மூன்று நீண்ட மலைமுனைகள், நடுவில் செங்குத்தாக பாலேகில்லா என்ற உட்கோட்டை. முழுதாகப் பார்க்க ஒரு பகல் வேண்டும். குஞ்சவணே பக்கம் ஏற்றம் கடுமை. முதல்முறை ஏறுகிறவர்கள் பாலி கிராமத்துப் படிவழியே போகட்டும்.

தமிழர்கள் இதை ஏற இன்னொரு காரணமும் உண்டு. சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் 1670-இல் பிறந்தது இங்கே. மன்னரான பின் முகலாயர் துரத்த, அவர் வந்து சேர்ந்தது நம் செஞ்சி. 1698 வரை முற்றுகையைத் தாங்கிய செஞ்சி, அத்தனை காலமும் மராட்டிய அரசுக்கே தலைநகராக இருந்தது. 1700-இல் அவர் இறந்தது சிங்ககட்டில், சமாதியும் அங்கேதான். 2025-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் ராஜ்கட், லோககட்டோடு செஞ்சியும் இருக்கிறது. சிங்ககட் இல்லை.

மழைக்காலத்தில் பாலேகில்லா பாறை வழுக்கும். ராஜ்கட்டை அக்டோபருக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்; தண்ணீர் போதுமான அளவு எடுத்துப் போங்கள், காலிப் பாட்டில்களைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.