பட்டை சொல்லும் எண்

விரல்நுனியில் அரும்பும் ஒரு துளிக் குருதி. விரலகலமும் இல்லாத ஒரு சோதனைப் பட்டை. சில நொடிகளில் திரையில் ஓர் எண். நீரிழிவு உடையோர் பலர் அவ்வெண்ணை நம்பியே இன்சுலின் அளவை முடிவு செய்கின்றனர். சர்க்கரை குறைந்திருக்கும் வேளையில் பட்டை அதனைக் கூட்டிக் காட்டினால், தேவையற்ற இன்சுலின் அவரை மயக்கத்தில் ஆழ்த்திவிடும்.

நொதியையும் மின்முனையையும் இணைத்துச் சர்க்கரையை அளக்கலாம் என்னும் கருத்தை லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்சும் 1962இல் வெளியிட்டனர். இன்றைய பட்டையில் உலர்ந்த நொதிப் படலம் ஒன்று உள்ளது. அந்நொதி குளுக்கோசிடமிருந்து எலக்ட்ரான்களைப் பெறுகிறது; இடைநின்று கடத்தும் வேதிப்பொருள் ஒன்று அவற்றை மின்முனையிடம் சேர்க்கிறது. கருவி அளப்பது அம்மின்னோட்டத்தையே. சர்க்கரையின் அளவு அதிலிருந்து கணிக்கப்படுகிறது. எனவே, நொதியின் வேலையில் குறுக்கிடும் எதுவும் எண்ணையும் மாற்றிவிடும்.

வெப்பம் மிகுந்தால் நொதிவினை விரைவுறும். கருவியினுள் இருக்கும் வெப்ப உணரி அதற்கேற்பக் கணக்கைத் திருத்துகிறது. ஆயினும், குளிரூட்டிய அறையிலிருந்து வெயிலுக்குக் கொண்டுவந்த உடனே சோதித்தால், மெல்லிய பட்டை விரைவில் சூடேறிவிட, கருவியோ இன்னும் குளிர்ந்தே இருக்கும், திருத்தம் தவறிப்போகும். சற்றுப் பொறுத்திருந்து சோதிப்பதே முறை.

ஈரப்பதமும் பகையே. பட்டைக் குப்பியினுள் ஈரம் உறிஞ்சும் பொருள் வைக்கப்படுவது அதனாற்றான். மூடாத குப்பியில் படலம் நாளடைவில் சிதைகிறது. பாதுகாப்பென்று எண்ணிக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பவரும் உளர். குளிர்ந்த குப்பியைத் திறந்தவுடன் காற்றின் ஈரம் பட்டைகளின்மேல் படிந்துவிடும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

காற்றும் இதில் பங்கு கொள்கிறது என்பதுதான் வியப்பு. பல பட்டைகளில் உள்ள குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதிக்கு ஆக்சிஜன் இயல்பான துணை. குருதியிலுள்ள ஆக்சிஜன், மின்முனைக்குச் செல்லவேண்டிய எலக்ட்ரான்களில் ஒரு பங்கைக் கவர்ந்துகொள்கிறது. செயற்கையாக ஆக்சிஜன் பெறும் நோயாளியிடம் இக்கவர்ச்சி மிகுவதால் எண் குறையக்கூடும். மாறாக, சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே போன்ற ஊர்களில் காற்று மெலிந்து, குருதியின் ஆக்சிஜனும் குறைவதால், எண் கூடக்கூடும். இவ்விடரைத் தவிர்க்கவே, ஆக்சிஜனை நாடாத குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ் நொதி வேறு பல பட்டைகளில் இடம்பெற்றது. அதன் ஒரு வகை மால்டோசையும் குளுக்கோசாகவே கணக்கிட்டதால், 2009இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுக்க நேர்ந்தது.

இவை யாவும் சீராக அமைந்தாலும், பழம் உரித்த விரலைக் கழுவாமல் குத்தினால், தோலில் ஒட்டிய பழச்சாற்றின் சர்க்கரையும் அத்துளியில் கலந்தே அளக்கப்படும். சாராவி தோய்ந்த பஞ்சால் துடைப்பது போதாது. ஓடும் நீரில் கழுவி, நன்கு உலர்த்திய பின்னரே சோதித்தல் வேண்டும்.