பாதி பாதி என்றால் எதில் பாதி?

கிள்ளானில் விற்க வேண்டிய வீடு ஒரு முகவரிடம் இருக்கும். வாங்க ஆள் பிரிக்ஃபீல்ட்ஸில் இன்னொருவரிடம் இருப்பார். "நமக்குள்ள என்னண்ணே, பாதி பாதிதானே?" என்று புலனத்தில் ஒரு வரி தட்டிவிட்டு வீடு காட்டக் கிளம்பிவிடுவார்கள். எதில் பாதி என்ற கேள்வி பணம் வந்த பிறகுதான் எழும். வீடு விற்பனைத் தொழிலில் நான் பார்த்த மனக்கசப்புகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்கின.

முதலில் ஆள் யார் என்று பாருங்கள். முகவர் நிறுவனத்துக்காகப் பேரம் பேசும் பதிவு பெற்ற நெகோஷியேட்டரிடம் சிவப்பு அட்டையும் ஆர்.இ.என். எனும் பதிவு எண்ணும் இருக்கும். அந்த எண்ணை, முகவர்களைப் பதிவு செய்யும் வாரியத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். மலேசியாவின் 1981ஆம் ஆண்டுச் சொத்து முகவர் சட்டப்படி, பதிவில்லாமல் முகவர் தொழில் செய்பவருக்கு 3 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம்.

அடுத்து, ஒப்பந்தத்தில் பங்கைத் தொகையாக எழுதாதீர்கள். 6 லட்சம் ரிங்கிட் வீட்டுக்கு உச்சபட்சக் கமிஷன் 3 விழுக்காடு, அதாவது 18,000. பாதி 9,000. கடைசி நேரத்தில் உரிமையாளர் 2 விழுக்காடுதான் தருவேன் என்றால் மொத்தமே 12,000 ஆகிவிடும். அதனால் "நிறுவனத்துக்கு வந்து சேர்ந்த கமிஷனில் 50 விழுக்காடு" என்று எழுதுங்கள். மற்றவர் எழுத்தில் சம்மதிக்காமல் கமிஷனைக் குறைக்கக் கூடாது என்ற வரியும் வேண்டும். 8 விழுக்காடு சேவை வரி அரசாங்கத்துக்குரியது. பங்குக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

வாங்குபவரின் பெயரையும் வீடு பார்த்த தேதியையும் பதிவு செய்யுங்கள். நான் வீடு காட்டிய ஒருவர், பிறகு மனைவி பெயரில் வேறொரு முகவர் வழியாக அதே வீட்டுக்கு வந்தார். குடும்பத்தினர் வாங்கினாலும் பங்கு உண்டு என்று எழுதியிருந்ததால் எங்கள் உழைப்பு வீணாகவில்லை. அந்தப் பாதுகாப்பு எத்தனை மாதம் என்பதையும் குறிப்பிடுங்கள்.

முன்பணம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்குத்தான் போக வேண்டும். யாருடைய சொந்தக் கணக்குக்கும் போகக் கூடாது. வாங்குபவர் பின்வாங்கி முன்பணம் பறிபோனால் அதில் முகவர்களுக்குப் பங்கு உண்டா, கமிஷன் வந்த எத்தனை நாளில் மற்ற நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும் என்பவற்றையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

கூட்டாக வீடு வாங்கிப் புதுப்பித்து விற்பவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. ஒப்பந்தம் எதுவும் சொல்லாவிட்டால், 1961ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி லாபமும் நட்டமும் சரிசமம்தான். ஒருவர் 80,000 போட்டு, மற்றவர் 20,000 போட்டிருந்தாலும் அப்படித்தான். 3 ஆண்டுக்குள் விற்றால் நில ஆதாய வரி 30 விழுக்காடு. ஆகவே லாபம் என்றால் வரி, வழக்கறிஞர் கட்டணம், வங்கி வட்டி எல்லாம் போக மிஞ்சுவது என்று தெளிவாக எழுதுங்கள். முத்திரைத் தீர்வை கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது என்பதால் அதையும் கட்டிவிடுங்கள்.

இரண்டு முகவர்களுக்கு இடையே ஒரு பக்கம் போதும். ஆனால் அந்தப் பக்கத்தில் இரு நிறுவனங்களின் கையெழுத்தும் விழுந்த பிறகே வீட்டுச் சாவியை எடுங்கள்.