எல்லை கடக்கும் தீங்கு

நுழையும்முன்

மது அருந்துவது தனிமனிதரின் விருப்பம் என்று பலரும் கருதுகின்றனர். அது எங்கே கிடைக்கிறது, என்ன விலைக்குக் கிடைக்கிறது, எவ்வாறு விளம்பரப்படுத்தப்படுகிறது என்பவையே அவ்விருப்பத்தைப் பெரிதும் உருவாக்குகின்றன என்பது ஆய்வுகள் காட்டும் உண்மை. கடலூர், சிதம்பரம் பகுதியின் பட்டறிவைக் கொண்டு அதனை அறிவோம்.

மண்ணின் மரபு

திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. அவ்வறத்தைச் சட்டமாக்கும் முயற்சி 1937இல் இராஜாஜி ஆட்சியில் சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. 1948 அக்டோபர் 2 முதல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அப்போது முதல்வராக இருந்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார், கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவர். 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது; 1974இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது; 1981இல் மறுபடியும் தளர்த்தப்பட்டது. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் உருவானது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் பொறுப்பாயிற்று.

உடலுக்கும் குடும்பத்துக்கும்

மதுவிலுள்ள எத்தனால் உடலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப்பொருளாக மாறி, உயிரணுக்களின் மரபுப்பொருளைச் சிதைக்கிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988லேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற்பிரிவில் சேர்த்தது. 2019இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 26 இலட்சம் பேர் மதுவால் இறந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் கணித்துள்ளது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்றும் 2023இல் அது அறிவித்தது. சாலை விபத்து, குடும்ப வன்முறை, வீடு வந்து சேராத நாட்கூலி ஆகியவற்றால் மது அருந்தாதவர்களும் துன்புறுகின்றனர்.

முகமூடி அணிந்த விளம்பரம்

தொலைக்காட்சியில் மது விளம்பரத்துக்கு இந்தியாவில் தடை உள்ளது. எனினும், மதுவின் பெயரையே சோடாவுக்கும் குடிநீருக்கும் இசைத்தட்டுக்கும் சூட்டி விளம்பரம் செய்யும் வழக்கம் வளர்ந்தது. காட்டப்படுவது குடிநீர், மனத்தில் பதிவது மதுவின் பெயர். இத்தகைய விளம்பரங்களை மிகுதியாகக் காணும் இளையோர், குறைந்த வயதிலேயே குடிக்கத் தொடங்குவதற்கான வாய்ப்பு மிகுதி என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன.

விதியும் எல்லையும்

வரியை உயர்த்துதல், கிடைக்கும் இடத்தையும் நேரத்தையும் குறைத்தல், விளம்பரத்தைத் தடுத்தல் ஆகிய மூன்றும் குறைந்த செலவில் மிகுந்த பயன் தருபவை என்று உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. விதி ஓர் எல்லையில் நின்றுவிட்டால் அதன் பயனும் குறைகிறது. அன்று தென்னார்க்காட்டில் மதுவிலக்கு இருந்தபோது, அருகே பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் மது கிடைத்தது. இன்றும் அங்கு வரி குறைவு. ஆதலால், தென்பெண்ணையாற்றைத் தாண்டிக் கடலூருக்குள் மது கடத்தப்படுவதைத் தடுக்கக் காவல்துறை சோதனை நடத்த வேண்டியுள்ளது.

நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நகராட்சிப் பகுதிகளில் உரிமம் வழங்க அத்தீர்ப்பு தடையாகாது என்று 2017 ஜூலையில் அதுவே விளக்கியது. அன்று நகராட்சிகளாக இருந்த கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இவ்விளக்கம் பொருந்தியது. ஒரே நெடுஞ்சாலையில் ஊருக்கு வெளியே ஒரு விதி, ஊருக்குள் மற்றொரு விதி!

மக்களின் குரல்

சாலையோரத்திலிருந்து அகற்றப்பட்ட கடைகள் குடியிருப்புகளுக்கு இடம்பெயர முயன்றபோது, 2017இல் தமிழகமெங்கும் பெண்கள் முன்னின்று எதிர்த்தனர். கிராமசபைகள் தீர்மானம் நிறைவேற்றின. மதுவால் அரசுக்கு வருவாய் உண்டு; ஆனால், மருத்துவச் செலவும் உழைப்பிழப்பும் மக்கள் தலையிலேயே விழுகின்றன. போதைதரும் மதுவை விலக்க அரசு முயலவேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 47ஆம் கூறு கூறுகிறது. அம்முயற்சிக்கு மக்களின் ஆதரவே வலிமை தரும்.

தெரியுமா?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதில் கலந்திருந்த மெத்தனால், உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும், உயிரையும் பறிக்கும்.

கற்பவை கற்றபின்

1. தொலைக்காட்சியில் நீங்கள் கண்ட மறைமுக விளம்பரம் ஒன்றை ஆராய்ந்து வகுப்பில் பேசுக.
2. உங்கள் ஊர்க் கிராமசபையில் முன்வைப்பதற்கான தீர்மானம் ஒன்றை எழுதுக.
3. ‘அண்டை மாநிலங்களின் விதிகள் ஒத்திருக்க வேண்டும்’ – கலந்துரையாடுக.