எல்லாருக்கும் ஒரே கட்டணம் – நியாயமா?



நம் குழுக்களில் பலருடைய பிள்ளைகள் இப்போது செல்போனிலேயே பங்கு வாங்குகிறார்கள். "எங்க கம்பெனியில எல்லாருக்கும் 20 ரூபாதான்" என்று தரகர்கள் சொல்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

மாவு மில்லில் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. டவுனுக்குப் போகும் ஆட்டோவுக்கோ ஒரு கூடை ஏற்றினாலும் நாலு மூட்டை ஏற்றினாலும் ஒரே வாடகை. தரகுக் கட்டணமும் இந்த இரண்டு விதம்தான்.

உதாரணம்: 1,000 ரூபாய்க்குப் பங்கு வாங்குகிறோம். கட்டணம் 20 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 3 ரூபாய் 60 காசு. ஆக 23.60. விற்கும்போதும் அதே 23.60. மொத்தம் 47.20. அதாவது பங்கு விலை சுமார் 5 சதவீதம் ஏறினால்தான் நம் கைக்காசு தப்பும். ஒரு லட்சத்துக்கு வாங்குகிறவருக்கும் அதே 47.20தான், அவருக்கு அது தூசு.

இதுவே அரை சதவீதத் தரகு என்றால், 1,000 ரூபாய்க்கு 5 ரூபாய். ஒரு லட்சத்துக்கு 500 ரூபாய். ஆகவே சிறு தொகைக்குச் சதவீதமும், பெருந்தொகைக்கு ஒரே கட்டணமும் லாபம். "இரண்டில் எது குறைவோ அது" என்று எழுதியிருந்தால் நமக்கு நல்லது.

ஒரே கட்டணம் நியாயமாகும் இடமும் உண்டு. முன்பு அதிக வியாபாரம் செய்யும் தரகர்களிடம் பங்குச் சந்தைகள் குறைந்த விகிதத்தில் கட்டணம் வாங்கின. சில தரகர்கள் நம்மிடம் கூடுதலாக வசூலித்து மிச்சத்தை வைத்துக்கொண்டார்கள். செபி தலையிட்டு, 2024 அக்டோபர் 1 முதல் எல்லாத் தரகருக்கும் ஒரே விகிதம் என்று ஆக்கியது.

இன்னொன்றையும் கவனிக்கணும். பங்கே வாங்காவிட்டாலும் டிமேட் கணக்குக்கு வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் ஏறலாம். நம் பெயரில் ஒரே ஒரு டிமேட் கணக்கு இருந்தால், 'அடிப்படை சேவை டிமேட் கணக்கு' என்று கேளுங்கள். 2024 செப்டம்பர் 1 முதல், இதில் பங்கு மதிப்பு 4 லட்சம் வரை பராமரிப்புக் கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை வருஷத்துக்கு 100 ரூபாய்தான். வேறு கம்பெனியில் இரண்டாவது கணக்குத் திறந்தால் இந்தச் சலுகை போய்விடும்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை:
1. வாங்க எவ்வளவு? விற்க எவ்வளவு?
2. வருஷக் கட்டணம் உண்டா?
3. கட்டணப் பட்டியலை எழுத்தில் தருவீர்களா?

பங்கு விலை இறங்கவும் செய்யும். ஆகவே குழுச் சேமிப்பையும் கடன் பணத்தையும் இதில் போடவே கூடாது. அடுத்த கூட்டத்தில் இந்தக் கணக்கை எல்லோரும் சேர்ந்து நோட்டில் போட்டுப் பாருங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.