ஐந்து நட்சத்திரமும் அறுபது ஃபிரேமும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கட்டுரையைப் படித்தேன். கிராபிக்ஸ் கார்டு வாங்கியவர்கள் எழுதும் விமர்சனங்கள் எல்லாம் ஊதிப் பெருக்கியவை என்று ஒரே போடாகப் போட்டிருக்கிறாய். நடை நன்றாக இருக்கிறது. தீர்ப்புதான் சரியில்லை.

வாங்கியவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. ‘வேலரண்டில் 200 எஃப்பிஎஸ் வருது, செம கார்டு’ என்று ஒருவர் எழுதினால் வந்துதான் இருக்கும். சுமாரான கணினியிலும் ஓடும்படி செய்த விளையாட்டு அது. அதே கார்டில், கார்டைப் பிழிந்தெடுக்கும் சைபர்பங்க் 2077-ஐ ரே டிரேசிங்கோடு அவர் ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார். அவர் ஒப்பிடுவதும் கடையிலுள்ள மற்ற கார்டுகளோடு அல்ல. நேற்றுவரை தன்னிடம் இருந்த பழைய கார்டோடு. காசு கொடுத்து வாங்கிய முதல் வாரத்தில் குறை யார் கண்ணுக்குத் தெரியும்? (கூலிக்கு எழுதுகிறவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-ல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. அது வேறு கதை.)

2022 ஜனவரியில் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யை எடுத்துக்கொள். நினைவகம் 4 ஜிபி; மதர்போர்டோடு பேச நான்கே பிசிஐஇ லேன்கள். நினைவகம் நிரம்பியதும் மிச்சத்தை அந்த நான்கு லேன்கள் வழியாகத்தான் கொண்டுவர வேண்டும். பிசிஐஇ நான்காம் தலைமுறை போர்டில் ஒருவாறு சமாளித்துவிடும். மூன்றாம் தலைமுறை போர்டில் அந்தப் பாதையின் வேகம் பாதியாகிவிடுவதால் சில விளையாட்டுகள் தடுமாறும். ஒருவர் ஐந்து நட்சத்திரமும் இன்னொருவர் இரண்டும் தந்தால், இருவர் சொல்வதும் நிஜமாக இருக்கலாம். போர்டு என்னவென்று இருவருமே எழுதியிருக்க மாட்டார்கள்.

என்விடியாவின் ஜிடி 1030 இதைவிட மோசம். 2017-ல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்தது. விநாடிக்கு 48 ஜிபி. மறு வருடம் அதே பெயரில் டிடிஆர்4 வைத்து இன்னொன்று விற்றார்கள், விநாடிக்கு 16.8 ஜிபி. முதல் கார்டை வாங்கியவரின் பாராட்டை நம்பி இரண்டாவதை வாங்கியவர் ஏமாந்தால், பாராட்டியவரையா குறை சொல்வாய்?

மிகை எங்கே இருக்கிறது என்று தேடினால் நிறுவனங்களின் அறிமுக மேடையைப் பார். 2025 ஜனவரியில் என்விடியாவின் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு ஆர்டிஎக்ஸ் 4090-க்கு நிகரான வேகம் தரும் என்றார். கார்டு வரைந்த ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஏஐ மூன்று ஃபிரேம்வரை இட்டு நிரப்புகிற ‘ஃபிரேம் ஜெனரேஷன்’ வசதியையும் சேர்த்த கணக்கு அது. எண் ஏறும்; மவுஸை அசைத்ததற்குத் திரை பதில் சொல்லும் நேரம் அதனால் குறையாது. அந்த வசதியை முடுக்கிவிட்டு, திரையின் மூலையில் தெரிகிற எஃப்பிஎஸ் எண்ணை அப்படியே எழுதுகிற வாடிக்கையாளர் நிறுவனத்தின் கணக்கைத்தான் திருப்பிச் சொல்கிறார்.

அந்த எண்ணே ஒரு சராசரிதான். ஒரு விநாடியில் 54 ஃபிரேம்கள் தலா 16.7 மில்லி விநாடியில் ஒழுங்காக வந்து, ஒன்று மட்டும் 100 மில்லி விநாடி இழுத்தால், மூலையில் 55 என்றுதான் காட்டும். எதிராளியைக் குறிபார்க்கிற கைக்கோ அந்த ஒற்றை இழுப்பு சுருக்கென்று தெரியும். ‘டெக் ரிப்போர்ட்’ இணையதளத்தில் ஸ்காட் வாசன் 2011-ல் இதை விரிவாக எழுதிய பிறகுதான் ஃபிரேம் நேரத்தை அளக்கும் பழக்கம் நம் தொழிலில் வேர்விட்டது. ‘சிலநேரம் திக்குது’ என்று மூன்று நட்சத்திரம் தந்து போகிறவர், 200 எஃப்பிஎஸ்காரரைவிட உனக்கு அதிகம் உதவுவார். அவருடைய ரேம், பிராசஸர், டிரைவர் என்னவென்று கேட்டு எழுது. பதில் வந்தால் அதே நிலைமையை உன் மேசையில் உண்டாக்கிப் பார்.

கட்டுரையின் இரண்டாம் பகுதியை எடுத்துவிடு. அதற்குப் பதிலாக ஒரே கார்டை இரண்டு போர்டுகளில் மாட்டி, ஃபிரேம் ஜெனரேஷனை அணைத்து, ஃபிரேம் நேர வரைபடத்தோடு அனுப்பு. கார்டை நிறுவனம் தந்ததா, நீ காசு கொடுத்து வாங்கினாயா என்பது முதல் பத்தியிலேயே இருக்கட்டும். அடுத்த இதழில் இதற்கு இன்னும் இடம் ஒதுக்கவில்லை.

அன்புடன்,
அண்ணன்