சுற்றுப்பயணிகளை எண்ணுவோம், ஒப்பிடுவோம்

மாணவர்களே, பினாங்கு, ஜார்ஜ்டவுனில் உள்ள சுவெட்டென்ஹாம் துறைமுகத்தில் காலையில் ஓர் உல்லாசக் கப்பல் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டுப் பயணிகள் கூட்டமாக இறங்குகின்றனர். லிட்டல் இந்தியாவைச் சுற்றி வருகின்றனர். குயின் வீதி மகாமாரியம்மன் ஆலயக் கோபுரத்தைப் படம் பிடிக்கின்றனர். மாலையில் கப்பலுக்குத் திரும்பி, இரவோடு இரவாக அடுத்த ஊருக்குப் போய்விடுகின்றனர்.

இவர்கள் அனைத்துலகச் சுற்றுப்பயணிகளா? புள்ளியியல் கணக்கில் இல்லை. வேற்று நாட்டில் ஓர் இரவாவது தங்குபவரே சுற்றுப்பயணி. அன்றே திரும்புபவர் ஒருநாள் வருகையாளர். இருவரையும் சேர்த்தால்தான் மொத்த வருகையாளர். 2019ஆம் ஆண்டில் மலேசியாவுக்கு வந்த மொத்த வருகையாளர்கள் ஏறக்குறைய 35 மில்லியன், சுற்றுப்பயணிகள் 26.1 மில்லியன். ஒரு நாட்டின் வருகையாளர் எண்ணிக்கையை இன்னொரு நாட்டின் சுற்றுப்பயணி எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் விடை தவறாகத்தான் வரும். எனவே, ஒப்பிடும் முன் எதை எண்ணியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. எண்ணப்படுவது ஆட்கள் அல்ல, வருகைகள். ஒருவர் ஓராண்டில் மூன்று முறை வந்து தங்கினால் மூன்று வருகைகள்.

உலக வட்டாரங்கள்

ஐக்கிய நாட்டு சுற்றுலா அமைப்பு உலகை ஐந்து வட்டாரங்களாகப் பிரித்துக் கணக்கெடுக்கிறது. அவற்றுள் மூன்றை மட்டும் பார்ப்போம். எண்கள் ஏறக்குறைய, மில்லியனில்:

ஐரோப்பா: 1950இல் 16.8, 2019இல் 744
அமெரிக்கக் கண்டங்கள்: 1950இல் 7.5, 2019இல் 219
ஆசியா, பசிபிக்: 1950இல் 0.2, 2019இல் 360
உலகம் முழுவதும்: 1950இல் 25.3, 2019இல் 1,460

எந்த வட்டாரம் அதிகம் வளர்ந்தது? கேள்வியைப் பொறுத்து விடை மாறும்.

கூடுதலாக வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் ஐரோப்பாதான் முதலிடம். அங்கு 727 மில்லியன் கூடியது. ஆசியா, பசிபிக்கில் கூடியது 360 மில்லியன்தான்.

எத்தனை மடங்கு என்று கேட்டால் விடை தலைகீழாகிறது. ஐரோப்பா 44 மடங்கு. ஆசியா, பசிபிக் 1,800 மடங்கு! ஆனால் இந்த 1,800ஐக் கண்டு மலைத்துவிட வேண்டாம். தொடக்க எண் மிகச் சிறியது என்பதால்தான் மடங்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

உலகில் எத்தனை பங்கு என்று கேட்டால் மூன்றாவது விடை கிடைக்கிறது. ஐரோப்பாவின் பங்கு 66 விழுக்காட்டிலிருந்து 51 விழுக்காடாகக் குறைந்தது. ஆசியா, பசிபிக்கின் பங்கு 1 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடாக உயர்ந்தது. ஐரோப்பாவுக்கு வருவோர் இத்தனை பெருகியும் பங்கு குறைந்தது எப்படி? உலகம் முழுவதும் 58 மடங்கு வளர்ந்தபோது ஐரோப்பா 44 மடங்குதான் வளர்ந்தது. மொத்தத்தைவிட மெதுவாக வளரும் எதற்கும் பங்கு குறையும்.

எல்லைக்கோடும் எண்ணை மாற்றும். பினாங்கிலிருந்து ஜோகூர் பாருவுக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர். அங்குப் போய்த் தங்கினாலும் அது உள்நாட்டுப் பயணமே. அதைவிட மிக அருகில், தாய்லாந்தில் இருக்கும் ஹட்யாயில் ஓர் இரவு தங்கினால் அது அனைத்துலகப் பயணம். ஐரோப்பாவில் சிறிய நாடுகள் நெருங்கி அமைந்திருப்பதால், சில மணி நேர இரயில் பயணமே எல்லையைத் தாண்டிவிடும். அங்கு எண்ணிக்கை உயர்ந்திருக்க இதுவும் ஒரு காரணம்.

விழுக்காடு செய்யும் வேடிக்கை

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. எல்லைகள் மூடப்பட்டன. ஜார்ஜ்டவுனில் தங்கும் விடுதிகளும் நினைவுப்பொருள் கடைகளும் ரிக்‌ஷா ஓட்டுநர்களும் நம்பியிருந்த வெளிநாட்டுக் கூட்டம் நின்றுபோனது. மலேசியாவுக்கு வந்த சுற்றுப்பயணிகளின் எண்ணிக்கை இது:

2019: 26.1 மில்லியன்
2020: 4.33 மில்லியன்
2021: 0.13 மில்லியன்
2022: 10.07 மில்லியன்
2023: 20.14 மில்லியன்
2024: 25.0 மில்லியன்

2020இல் வீழ்ச்சி 83 விழுக்காடு. அப்படியானால் 83 விழுக்காடு உயர்ந்தால் பழைய நிலை வந்துவிடுமா? வராது. 4.33 மில்லியன் 83 விழுக்காடு கூடினால் 8 மில்லியனைக்கூட எட்டாது. பழைய எண்ணைத் தொட 500 விழுக்காடு கூட வேண்டும். வீழ்ச்சியைப் பெரிய எண்ணிலிருந்தும் உயர்வைச் சிறிய எண்ணிலிருந்தும் கணக்கிடுவதால் இந்த வேறுபாடு.

2022 ஏப்ரல் 1இல் எல்லைகள் மீண்டும் திறக்கப்பட்டன. அவ்வாண்டு வந்தவர்கள் முந்தைய ஆண்டைப்போல் ஏறக்குறைய 75 மடங்கு. இதைத் தலைப்பாகப் போட்டால் கொண்டாட்டம்போல் தெரியும். ஆனால் 2019ஐ அடிப்படை ஆண்டாக வைத்து, அதை 100 என்று கொண்டால், 2022 வெறும் 39தான். நாட்டளவில், முன்பு பத்துப் பேர் வந்த இடத்தில் நால்வர்தான் வந்தனர். 75 மடங்கு என்பதும் உண்மை. நால்வர் என்பதும் உண்மை. கடைக்காரரின் வாடகைக் கவலையைச் சொல்வது இரண்டாவது எண்தான்.

ஆகவே, சுற்றுலாச் செய்தி எதைப் படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எதை எண்ணினார்கள்? எந்த ஆண்டோடு ஒப்பிட்டார்கள்? எண்ணிக்கையா, மடங்கா, பங்கா?

செய்து பாருங்கள்

1. 2019ஐ 100 என்று வைத்து, 2020 முதல் 2024 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கும் குறியீட்டு எண் கண்டு கோட்டு வரைபடம் வரைக.

2. 2023இல் வளர்ச்சி 100 விழுக்காடு. 2024இல் 24 விழுக்காடுதான். “மலேசியச் சுற்றுலா சரிகிறது” என்கிறார் உங்கள் நண்பர். உங்கள் வரைபடத்தைக் காட்டி அவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?